அங்கியைப் பிடித்து இழுத்த நாள்

சங்கத்துக் கட்டடத்தின் வாசலில் எனக்கு ஒரு பேனர் கட்டியிருக்கிறீர்கள். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டவளுக்கு ஒரு மரியாதை செய்வோம் என்று நினைத்தது உங்கள் நல்ல மனசு. படத்தில் பத்து வயதைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள், அதற்குத் தனியாக நன்றி. ஆனால் என் பேருக்கு முன்னால் 'மூத்த வழக்கறிஞர்' என்று கொட்டை எழுத்தில் போட்ட புண்ணியவான் யார்?

கூப்பிட்டுக் கேட்டால், "என்ன மேடம், நீங்க எங்க எல்லாருக்கும் சீனியர்தானே?" என்று சிரிக்கிறீர்கள். அடக் கடவுளே! சட்டம் படித்த பிள்ளைகள் பேசுகிற பேச்சா இது? பெரம்பலூர், அரியலூர் கோர்ட்டுகளில் சீனியர் என்றால் யார்? நாம் யார் ஆபீசில் போய் வேலை கற்றுக்கொண்டோமோ அவர் சீனியர். தலை நரைத்தவர் சீனியர். கேண்டீனில் முதல் காபி யாருக்குப் போகிறதோ அவர் சீனியர். வாயால் கூப்பிடுவதற்கு அது போதும். எழுதித் தொங்கவிடுவதற்குப் போதாது. அந்தப் பட்டத்தை உயர் நீதிமன்றத்து நீதிபதிகள் கூடி முடிவெடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

அந்தப் பட்டத்தைக் கொடுக்கும்போது கூடவே சில கதவுகளைச் சாத்திவிடுவார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதை வாங்கியவர் அதன்பிறகு வக்காலத்து போட முடியாது. கட்சிக்காரரை நேராக உட்கார வைத்து வழக்கைக் கேட்டு எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் நம்மைப் போல ஒரு சாதாரண வக்கீல் இல்லாமல் கோர்ட்டில் எழுந்து நிற்கவே முடியாது. நாம் கேட்டு, நாம் எழுதி, நாம் கையில் கொடுத்தது எதுவோ அதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கு. வெகு காலம் இதை நான் ஒரு பவுசு என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய மனுஷன் அழுக்குத் துணி தொட மாட்டான் என்கிற மாதிரி ஏதோ ஒன்று என்று.

அது என்னவென்று எனக்கு ஒரே ஒரு முற்பகலில் புரிந்தது. சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தப் பேனரை என்ன செய்வதென்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. பெரம்பலூரில் வீடு, அரியலூரில் ஆபீஸ், தினமும் பஸ். கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்று ஒரு கட்சிக்காரர் வந்தார். போர்வெல் லாரியில் வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் வட மாநிலங்களில் கிடப்பார். ஊரில் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லையும் அதற்குள் ஒரு ஓட்டு வீடும், அவ்வளவுதான் சொத்து. பக்கத்துக் கொல்லைக்காரர், 'இவருடைய அப்பா எனக்கு விற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்' என்று ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வழக்குப் போட்டிருந்தார். சம்மன் வந்தபோது கலியபெருமாள் ஊரில் இல்லை. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. போகாததால் எதிராளி சொன்னதே தீர்ப்பாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அவர் ஊர் திரும்பினார். மூன்று மாதம் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் காலையில் கோர்ட்டு அமீனா உத்தரவோடு வாசலில் வந்து நின்று, வீட்டைக் காலி செய் என்றபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அடித்துப் பிடித்து என்னிடம் ஓடி வந்தார்.

தீர்ப்பை நீக்கக் கேட்டு மனுப் போட்டேன். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். வெளியூரில் இருந்த எட்டு மாதத்துக்குப் பதில் இருக்கிறது. ஊரில் இருந்த மூன்று மாதத்துக்கு? சம்மன் வீட்டுக்குள் கிடக்கிறது, நீயும் வீட்டுக்குள் இருக்கிறாய், ஏன் வரவில்லை? அந்த மூன்று மாதம்தான் எனக்குத் தொண்டையில் முள்.

அவர்கள் முதன்முதலில் வந்த அன்று என் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். கலியபெருமாள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கதவோரத்து பெஞ்சில் ஒரு வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதெல்லாம் அவரிடம்தான்.

"சம்மனை யாருங்க வாங்குனது?"

"வூட்டுலதான் வாங்கியிருக்காங்க."

"ஏன் உங்ககிட்ட சொல்லல?"

"வூட்டுல படிக்கத் தெரியாதுங்க வக்கீலம்மா."

அவர் சொன்னதை அப்படியே என் நோட்டில் எழுதினேன். 'வூட்டுல வாங்கினார்கள். வூட்டுல படிக்கத் தெரியாது.' கையெழுத்து வாங்கினேன், அனுப்பிவிட்டேன். அஃபிடவிட்டில், 'சம்மனை என் வீட்டில் பெற்றிருக்கிறார்கள், அது என் கவனத்துக்கு வரவில்லை' என்று பொதுவாக ஒரு வரி எழுதி முடித்தேன்.

விசாரணை நாள் வந்தது. அதுவரைக்கும்தான் அமீனாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். மனு தள்ளுபடியானால் அன்று மாலையே வீட்டுக்குப் பூட்டு. அன்றைக்கென்று பார்த்து அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தையும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் புழுதியையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த நீதிபதிக்குத் தாமதம் என்றாலே ஆகாது. அதற்கு முந்தின வாரம்தான் இதே மாதிரி இரண்டு மனுக்களை ஐந்தே நிமிடத்தில் தூக்கிப் போட்டிருந்தார்.

ஒருவழியாக நேரத்துக்குக் கோர்ட்டு போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு எனக்கு வேறொரு வழக்கும் இருந்தது. உடையார்பாளையத்துப் பெரிய குடும்பத்துப் பாகப்பிரிவினை. அதற்காக அவர்கள் பட்டம் வாங்கிய சீனியர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். வக்காலத்து என்னுடையது, வாதம் அவருடையது. அவருக்கு என் கடைசித் தம்பி வயது. நான் 'சார்' என்கிறேன், அவர் 'மேடம்' என்கிறார். வக்கீல்கள் உட்காரும் பாருக்குள் நுழைந்ததும் நம் ஆட்கள் என்னைப் பார்த்தும் "வாங்க சீனியர்" என்றார்கள், அவரைப் பார்த்தும் "வாங்க சீனியர்" என்றார்கள். ஒரே சொல்தான். எனக்கு மட்டும் சுருக்கென்று குத்தியது. பொறாமைதான், வேறென்ன? வயசான காலத்தில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சிக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா ஆகிவிட்டது. சீனியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், திருச்சியில எனக்குச் சாயங்காலம்தான் வேலை. இங்க உங்களுக்கு வேற ஏதாவது கேஸ் இருந்தா சொல்லுங்க, நிக்கிறேன். சும்மா உக்காந்திருக்கறது எனக்கு ஆகாது."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. நான் எழுந்து நின்றால் அந்த நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த அங்கி எழுந்து நின்றால் முகத்தைப் பார்ப்பார். ஓடிப்போய் வராண்டாவில் நின்ற கலியபெருமாளிடம், "பெரிய வக்கீல் ஒருத்தர் உங்களுக்காகப் பேசப் போறார், சரிதானே?" என்றேன்.

"உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிங்க வக்கீலம்மா."

பக்கத்தில் அவர் மனைவி, அதே வயர் கூடை. அந்த இடத்தில் நான் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அரைத் தாளில் குறிப்பு எழுதினேன். நோட்டில் இருந்த பேச்சுத் தமிழை நல்ல தமிழாக்கினேன். அங்கேதான் சனியன் பிடித்தது. 'வூட்டுல படிக்கத் தெரியாது' என்பதைப் பார்த்தேன். 'மனுதாரர் வீட்டில் எவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது' என்று எழுதினேன்.

சீனியர் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது உறுதிதானே மேடம்? அந்த மூணு மாசத்துக்கு இது ஒண்ணுதான் பதில்."

"உறுதி சார். என் நோட்டுலயே இருக்கு" என்றேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். நல்ல பேச்சு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குரலை உயர்த்தவே இல்லை. எட்டு மாதத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்தார். பிறகு அந்த மூன்று மாதத்துக்கு வந்தார். "யுவர் ஆனர், அந்தக் காகிதம் அந்த வீட்டில்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அதைப் படிக்க ஒரு ஜோடிக் கண்கூட இல்லை. மனுதாரர் உட்பட அங்கே எவருக்கும் எழுத்துத் தெரியாது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அஃபிடவிட்டில் இது இல்லையே. பொறுப்போடுதான் சொல்கிறீர்களா?"

"எனக்குக் கொடுக்கப்பட்ட தகவலின்படி, பொறுப்போடு சொல்கிறேன்."

"சீனியர் சொன்னால் சரி" என்று நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கவனித்தீர்களா? அதையே நான் சொல்லியிருந்தால், ஆதாரம் எங்கே, துணை அஃபிடவிட் எங்கே என்று என்னைத் துவைத்து எடுத்திருப்பார். அவர் சொன்னதும் எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முகம் சுருங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு துள்ளல். அந்தச் சந்தோஷத்தில் திரும்பி, பின்னால் கதவோரம் நின்ற கலியபெருமாளைப் பார்த்தேன்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. 'கைப்பேசியை அணைத்து வைக்கவும்.' படித்து முடித்தார். திடுக்கிட்டவர் மாதிரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவசர அவசரமாக அணைத்து, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சட்டென்று குனிந்து என் நோட்டைப் பார்த்தேன். வூட்டுல! நம் பக்கத்து ஆம்பிளைகளில் எத்தனை பேர் பெண்டாட்டியைப் பேர் சொல்லிச் சொல்வார்கள்? வூட்டுல சொன்னாங்க, வூட்டுல கோவிச்சுக்கிட்டாங்க. என் வீட்டுக்காரரே போனில் யாராவது கேட்டால், "வூட்டுல கோர்ட்டுக்குப் போயிருக்காங்க" என்றுதான் என்னைச் சொல்வார். ஆயிரம் தடவை காதில் விழுந்த பேச்சு. அன்றைக்கு என் நோட்டில் எழுத்தாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. படிக்கத் தெரியாதது அந்தம்மாவுக்கு. அவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்வதுதான் உங்களுக்காக. அந்த இடத்தில் என் புத்தி என்னென்ன பேசியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இது யாருக்குத் தெரியப் போகிறது என்றது. எதிர்த்தரப்பு வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், அவர் பார்க்கவில்லை. ஏழை வீடு, நியாயம் அவர்கள் பக்கம், ஒரு வார்த்தை கூடக் குறைய இருந்தால் என்ன என்றது. வெளியே அமீனா காத்திருக்கிறார், வாயைத் திறந்தால் சாயங்காலம் அந்தக் குடும்பம் தெருவில் என்றது. என் பேர் கெடும் என்றது. இவ்வளவுக்கும் அடியில் ஒரு சின்னக் குரூரமும் கிடந்தது. பொய்யைச் சொன்னது நான் இல்லையே, அந்தப் பட்டத்துக்காரர்தானே என்றது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் முதுகு என் கண்ணுக்கு நேராக இருந்தது. நம்முடையதைப் போல இல்லாமல் வேறு தினுசாகத் தைத்த அந்த அங்கி. அந்த மனுஷனுக்குக் கட்சிக்காரரைத் தெரியாது, அந்த ஊர் தெரியாது, கொல்லை தெரியாது. அரைத் தாள் தெரியும், அதைக் கொடுத்த என்னைத் தெரியும். உறுதிதானே என்று கேட்டார், உறுதி என்றேன். அதை நம்பித் தன் பொறுப்பில் சொல்லிவிட்டு நிற்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராகக் கேட்கிற கதவைச் சாத்தி வைத்திருப்பதால் அவருக்கு என்னை விட்டால் வேறு காது இல்லை. அவர் நாக்கில் இருப்பது என் சொல்.

கையை நீட்டி அங்கியைப் பிடித்து இழுத்தேன். ஜூனியர்கள் ஏதாவது பக்க எண் சொல்வதற்கு இழுப்பார்கள் அல்லவா, அப்படி நினைத்து அவர் பின்பக்கமாகக் கையை அசைத்து, அப்புறம் என்பது போல் காட்டினார். மறுபடியும் இழுத்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். மூன்றாம் தடவை பதற்றத்தில் பலமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, டர்ரென்று தையல் விட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் குனிந்தார். "சார், அவருக்குப் படிக்கத் தெரியும். சம்மனை வாங்குன அவர் மனைவிக்குத்தான் தெரியாது. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுவார் என்றும் நினைத்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், பாவி. அவர் நிமிர்ந்து திரும்பினார்.

"யுவர் ஆனர், சற்று முன் நான் சொன்ன ஒன்று தவறு. மனுதாரருக்கு எழுதப் படிக்கத் தெரியும். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். குறித்திருந்தால் அதை அடித்துவிட வேண்டுகிறேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "பாருங்க யுவர் ஆனர், பாருங்க! கோர்ட்டையே ஏமாத்தப் பாத்திருக்காங்க! யாரு இப்படிச் சொல்லச் சொன்னதுன்னு கேளுங்க!"

நீதிபதியின் முகம் கடுத்துவிட்டது. "யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

'எனக்குத் தவறான தகவல் தரப்பட்டது' என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். உண்மையும் அதுதான். அவர் அங்கியில் தூசி ஒட்டாது. நான் அரியலூர் கோர்ட்டில் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. அவர் சொன்னது இதுதான்: "இந்த மன்றத்தில் சொன்னது நான்தான், யுவர் ஆனர். தவறு என்னுடையது."

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "குறிப்பு எழுதியது நான், யுவர் ஆனர். கட்சிக்காரர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்" என்றேன்.

நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அப்படியானால் படிக்கத் தெரிந்த மனுஷன், சம்மன் கிடந்த வீட்டில், மூன்று மாதம் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"எனக்குத் தெரியவில்லை, யுவர் ஆனர்" என்றார் சீனியர். அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தெரிந்தவர் இங்கேயே இருக்கிறார். சம்மனை வாங்கிய மனுதாரரின் மனைவியை மன்றமே கேட்கலாம்."

"பேர் என்ன?"

சீனியர் என் பக்கம் குனிந்தார். நான் நோட்டைத் திறந்தேன். விரலால் வரி வரியாகத் தேடினேன். 'வூட்டுல வாங்கினார்கள். வூட்டுல படிக்கத் தெரியாது.' வேறு ஒன்றும் இல்லை. அந்தம்மா என் ஆபீசுக்கு நாலு தடவை வந்திருக்கிறார். அந்த பெஞ்சில் நாலு தடவை உட்கார்ந்திருக்கிறார். நானும் ஒரு பெண்பிள்ளைதான். அவர் பேர் என்ன என்று எனக்குத் தெரியாது.

நீதிபதி காத்திருந்தார். சீனியர் காத்திருந்தார். பின்னாலிருந்து கலியபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அஞ்சலைங்க."

அஞ்சலை கூடையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். நீதிபதி சாதாரணத் தமிழில், கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார். "சம்மனை வாங்கினது நீங்கதானேம்மா? இவர் ஊருக்கு வந்ததும் ஏன் காட்டல?"

அஞ்சலை திரும்பிப் புருஷனை ஒரு தடவை பார்த்தார். நான் மனசுக்குள், பேசு தாயே, பேசு தாயே என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அந்தாளு வந்து, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மான்னாருங்க. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் நின்னாங்க. படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. படிக்கற மாரி மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, பேரு போட்டுட்டேன். எம் பேரு மட்டும் போடத் தெரியுங்க."

"சரி, அப்புறம்?"

"இவரு வந்தாரு. காட்டுனா, என்னான்னு தெரியாமயா கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாரு. இவரு அடிக்கற ஆளு இல்லீங்க. கேட்டா பதில் சொல்லணுமே, அந்த வெக்கந்தான். ரேசன் கார்டு காயிதமா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு பொடவைக்கு அடியில வச்சுட்டேன். நாளைக்குக் காட்டிரலாம், நாளைக்குக் காட்டிரலாம்னு இருந்துட்டேங்க. கொல்லை போயிரும்னு தெரியாதுங்க சாமி. தெரிஞ்சிருந்தா தெருவுல போறவன் கால்ல வுழுந்தாவது படிக்கச் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே கேட்க எழுந்தார். என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு என்று நீதிபதி எழுந்து போனார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். வாசலில் வேப்ப மரத்தடியில் அமீனா பேப்பர் படித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அவரையே பார்த்தேன். கலியபெருமாளும் அஞ்சலையும் ஒரு ஓரமாக நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கையில் உத்தரவு. அந்த நினைப்பு ஈயைப் போல வந்து வந்து உட்கார்ந்தது. விரட்டினாலும் போகவில்லை.

பாரில் சீனியர் அங்கியைக் கழற்றி, விட்டுப்போன தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "கொடுங்க சார், ஊசி நூல் போட்டுத் தரேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இருக்கட்டும் மேடம். நல்லாத்தான் இழுத்தீங்க."

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே சார். தப்பு என்னுதுதானே."

"உங்க காகிதத்தை நான் நம்பறேன், என் வார்த்தையை அவர் நம்பறார். இதுல உங்க பேரைச் சொன்னா, அப்புறம் என்னை எதுக்கு நம்பறது?" என்றவர், சற்று நிறுத்தி, "நீங்க இழுக்கலேன்னா நான் இன்னிக்குப் பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சொன்னதுகூடத் தெரியாமப் போயிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டேகாலுக்கு நீதிபதி உட்கார்ந்தார். உத்தரவை வாசித்தார். மூன்று மாதத் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தை ஏற்பதாகச் சொன்னார். தன் தரப்புக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் ஒருவர் தன் சொல்லைத் திருத்திக்கொண்டால், அவர் திருத்தாமல் விட்டதை நம்பலாம் என்றார். தீர்ப்பு நீக்கப்பட்டது, ஒரு மாதத்துக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். அமீனா பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதன்பிறகு வழக்கு பல வருடம் இழுத்து, மேல் கோர்ட்டு வரைக்கும் போய் முடிந்தது. அந்தக் கொல்லையில் இப்போதும் மக்காச்சோளம் போடுவது அவர்கள்தான்.

அன்று அப்படி முடிந்தது. முடியாமலும் போயிருக்கலாம். உண்மையைச் சொன்னதால் ஜெயித்தோம் என்று நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதே மாதிரி உண்மையைச் சொல்லித் தோற்ற வழக்குகளும் என்னிடம் இருக்கின்றன, அந்தக் கட்சிக்காரர்கள் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒருவருக்கு அந்தப் பட்டம் கொடுத்தால், அவர் சொல்லுக்கு ஆதாரம் கேட்காமல் விடுகிறார்கள். மற்ற வக்கீலுக்கு வாய் தவறலாம், அவருக்குத் தவறக் கூடாது. அந்தச் சொல்லோ அவருடையது இல்லை. அரியலூரில், பெரம்பலூரில், ஏதோ ஒரு வராண்டா பெஞ்சில், பத்து நிமிடத்தில், தொடையில் நோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் எழுதப் போகிறீர்களே, அது.

அன்று சாயங்காலம் சீனியரின் கார் கிளம்பிய பிறகு, அஞ்சலையும் கலியபெருமாளும் என்னிடம் வந்தார்கள். உத்தரவில் என்ன இருக்கிறது என்று கலியபெருமாள் கேட்டார். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். அஞ்சலையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நான் குறித்து வைத்திருந்ததை ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசித்து, புரிந்ததா என்று கேட்டு, அடுத்த வரிக்குப் போனேன். கலியபெருமாள் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

முடித்ததும் நோட்டைத் திறந்து, 'வூட்டுல' என்று இருந்த இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு மேலே 'அஞ்சலை' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். தெரிந்த சொல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏங்க வக்கீலம்மா, நாலஞ்சு தடவ வந்துட்டோம், கேக்கவே இல்ல. உங்க பேரு என்னங்க?"

சொன்னேன். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை, பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. பேரை மட்டும் சொன்னேன். அஞ்சலை அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பேனரிலும் அதை மட்டும் விட்டுவிட்டு மீதியை அடித்துவிடுங்கள்.